கிளென்மார்கன்: ஆறும் வழியும்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் பல பொருள் தருவது. அவற்றுள் இரண்டு ஈண்டு நினைத்தற்குரியவை. மலையில் தோன்றிக் கடலை நோக்கிச் செல்லும் நீர்ப்பெருக்கு ஒன்று. மனிதன் நடந்து செல்லும் வழி மற்றொன்று. காடும் கல்லும் செறிந்திருந்த பழங்காலத்தில், ஆற்றங்கரையைப் பற்றி நடந்தவன் திசை தப்பாமல் ஊர் சேர்ந்திருப்பான். நீர் வகுத்த தடத்தையே மனிதனும் தன் நெறியாகக் கொண்டான். ஆதலின் இரண்டிற்கும் ஒரு பெயரே அமைந்தது பொருத்தமே அன்றோ?

வழி கூறுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர் நம் முன்னோர். வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழி சொல்லி விடுப்பது ஆற்றுப்படை எனப்படும். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் நன்னன்மேல் பாடியது. அதில் மலையின் அழகு உண்டு. அழகு மட்டும் இல்லை. விலங்குகளை வீழ்த்த அமைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் கவணால் எறியும் கற்கள் எங்கே வந்து விழும், எந்த ஊரில் எவர் என்ன உணவு தந்து விருந்தோம்புவர் என்பன எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. ஓர் இடத்தைக் காணச் செல்பவன் அங்கு வாழும் மக்களையும், அவர்தம் தொழிலையும், அவர் தரும் விருந்தையும் அறிந்து செல்லுதல் வேண்டும் என்பது அப்புலவர் காட்டும் பயண நெறியாகும்.

வடதிசையில், உலகின் உச்சியை ஒட்டி, நார்வே என்னும் நாடு உள்ளது. கடல் மலைகளுக்கிடையே நெடுந்தொலைவு நுழைந்து நிற்கும் ஆழமான நீர்ப்பள்ளத்தாக்குகள் அந்நாட்டின் மேலைக் கரையெங்கும் உள்ளன. அவற்றைப் ‘பியோர்டு’ என்று அந்நாட்டார் வழங்குவர். பனியூழிக் காலத்தில் மலைமேல் குவிந்த பனி, பெரும் பனியாறுகளாக இறங்கிப் பாறையைக் குடைந்தது. பனி உருகிய பின்னர்க் கடல்நீர் உட்புகுந்தது. இவற்றுள் மிக நீண்டதாகிய சோங்னே பியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமும், ஓரிடத்தில் 1,300 மீட்டர் ஆழமும் உடையது. ‘பியோர்டு’ என்னும் சொல், ‘கடந்து செல்லுதல்’ என்னும் பொருளுடைய பழைய வேர்ச்சொல்லினின்று பிறந்தது என்பர் மொழிநூலார். நீருக்கும் வழிக்கும் உள்ள உறவைத் தமிழர் கண்டது போலவே, தொலைவில் வாழ்ந்த வடபுல மக்களும் கண்டனர் என்பது வியப்பைத் தருகின்றது.

அந்நாட்டிற்குச் சென்று அக்காட்சிகளைக் காணும் வாய்ப்பு எல்லோர்க்கும் எளிதில் வாய்ப்பதன்று. ஆயினும், மலையும் நீரும் மனிதரும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் நிலையைக் காண விரும்புவோர்க்குத் தமிழ்நாட்டிலேயே இடங்கள் உண்டு. நீலகிரியில் உதகைக்கு வடமேற்கே அமைந்த கிளென்மார்கன் என்னும் சிற்றூர் அத்தகையது.

நீலகிரி தமிழர்க்குப் புதியதன்று. வடதிசை நோக்கிப் படை கொண்டு சென்ற சேரன் செங்குட்டுவன், இம்மலைப் பகுதியில் பாடி அமைத்துத் தங்கினான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. ஆங்குக் கொங்கணரும் கருநாடரும் வந்து தத்தம் கூத்துகளை அவன்முன் நிகழ்த்தினர் என்பதையும் இளங்கோவடிகள் குறிக்கின்றார். படையெடுத்துச் சென்ற வேந்தனும் வழியிடையில் நின்று பிற நாட்டார் கலையைக் கண்டு மகிழ்ந்தான். பயணத்திற்கும் பண்பாட்டிற்கும் உள்ள தொடர்புக்கு இதுவும் ஒரு சான்று.

இக்காலத்துப் பயணி மேட்டுப்பாளையத்தில் மலைரயில் ஏறி உதகைக்கு வருவான். அந்த இருப்புப்பாதை 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டில் உதகை வரையிலும் அமைந்தது. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 16 குகைகளும், 200-க்கு மேற்பட்ட வளைவுகளும் உள்ளன. ஏற்றம் மிகுந்த பகுதியில், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. வண்டியின் பற்சக்கரம் அப்பற்களைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். நார்வேயிலும் பியோர்டின் கரையிலிருந்து மலைமேல் ஏறும் புளோம் இருப்புப்பாதை உண்டு. 20 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1940-இல் திறக்கப்பெற்றது. நீலகிரி மலைரயிலும், நார்வேயின் மேலைப் பியோர்டுகளும் 2005-ஆம் ஆண்டில்தான் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டன. மனிதன் இயற்றிய வழியும், இயற்கை இயற்றிய வழியும் ஓராண்டிலேயே ஒருசேரச் சிறப்புப் பெற்றன.

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் சிறிது தொலைவு சென்று, கிளைச்சாலை ஒன்றில் திரும்பினால் கிளென்மார்கனை அடையலாம். ‘கிளென்’ என்பது ஸ்காத்லாந்து நாட்டார் குறுகிய மலைப்பள்ளத்தாக்கிற்கு இட்டு வழங்கும் பெயர். தேயிலைத் தோட்டம் அமைக்க வந்த வெள்ளையர், தம் தாய்நாட்டின் நினைவு நீங்காமல், இங்குள்ள மலைச்சரிவுகளுக்கு அங்குள்ள பெயர்களைச் சூட்டினர். அவர்கள் இங்கிருந்து ஒரு சொல்லைக் கொண்டும் சென்றனர். உயர்ந்த மலைகளின் மடிப்புகளில், நீரோட்டத்தை ஒட்டிக் குட்டையான மரங்கள் செறிந்து வளரும் காட்டினை இன்று உலகெங்கும் உள்ள காட்டியல் அறிஞர் ‘சோலா’ என்றே எழுதுகின்றனர். அது நம் ‘சோலை’யே ஆகும்.

கிளென்மார்கனின் விளிம்பில் நின்று வடக்கே நோக்குவோர்க்குக் கிடைக்கும் காட்சி சொல்லில் அடங்குவதன்று. காலுக்குக் கீழே மலை திடுமென முடிகின்றது. ஏறத்தாழ 3,000 அடிக்குக் கீழே சிங்காரா என்னும் அடிவாரக் காடு. அதற்கப்பால் மோயாற்றுப் பள்ளத்தாக்கும் முதுமலைக் காடும். அவற்றிற்கும் அப்பால் மைசூர் மேட்டுநிலம் நீலக்கோடாய் நீண்டு கிடக்கும். விடியற்காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மூடுபனி நிரம்பி நிற்கும். மலைமுகடுகள் ஆங்காங்கே தீவுகள் போலத் தலைநீட்டும். கடலே மலைக்குள் புகுந்ததோ என்று காண்பார் மயங்குவர். பியோர்டின் ஓவியத்தை முன்னர்க் கண்டவர்க்கு அந்நினைவு வாராமல் இராது. கதிரவன் மேலேறியதும் அப்பனிக்கடல் வற்றும்; பசுங்காடு வெளிப்படும்.

இவ்வொப்புமை கண்ணுக்கு மட்டுமே உரியது. நார்வேயில் மலையைக் குடைந்தது பனி; இங்கு மலையை அரிப்பது மழை. அங்கு நீர் பள்ளத்தாக்கில் தேங்கிக் கடலோடு கலந்து நிற்கின்றது. இங்கு அது நில்லாமல் கீழிறங்குகின்றது. கிளென்மார்கனின் உண்மைக் கதை அந்நீர் இறங்கும் கதையே ஆகும். அதன் பின்னே சென்று காண்போம்.

முக்கூர்த்தி மலையின் புல்வெளிகளில் ஊறும் நீர், பைக்காரா ஆறாகத் திரண்டு வருகின்றது. அந்நீரைத் திருப்பிக் கிளென்மார்கனில் உள்ள சிறு நீர்த்தேக்கத்தில் முதலில் நிறுத்துகின்றனர். அத்தேக்கத்தினின்று பெருங்குழாய்கள் மலையின் செங்குத்தான முகத்தின்மீது இறங்கிச் சிங்காராவில் உள்ள மின்நிலையத்தை அடைகின்றன. குழாயின் அடியில் நீரின் அழுத்தம் அளவிறந்தது. அது நுண்ணிய வாயின் வழியே பீறிட்டு, விளிம்பெங்கும் கிண்ணங்கள் பொருத்திய சக்கரத்தை மோதிச் சுழற்றுகின்றது. அச்சக்கரம் மின்னாக்கியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கின்றது. நீரின் அளவு சிறிதாயினும், அது விழும் உயரம் பெரிதாயின் ஆற்றல் பெருகும் என்பதே இதன் நுட்பம். வேலை 1929-இல் தொடங்கி, 1932-இல் மின்சாரம் பிறந்தது. முறைக்காய்ச்சல் மிகுந்திருந்த அடிவாரக் காட்டிலும், கால் வழுக்கும் பாறைச்சரிவிலும் நின்று பெருங்குழாய்களைப் பொருத்தியவர் பெயர்களை யாரும் கல்லில் பொறிக்கவில்லை. அவர்கள் அமைத்த குழாய்களே அவர்களுக்குக் கல்வெட்டு.

மேலும் கீழும் உள்ள பணியிடங்களை இணைக்கத் தண்டவாளத்தின்மீது கம்பிவடத்தால் இழுக்கப்படும் ‘விஞ்சு’ வண்டி ஒன்றும் அம்மலைச்சரிவில் அமைக்கப்பட்டது. ஏறத்தாழச் செங்குத்தாக ஏறி இறங்கும் அவ்வண்டி, பணியாளரையும் கருவிகளையும் கொண்டு செல்வதற்கென ஏற்பட்டது. அணையும் குழாய்களும் உள்ள பகுதி மின்துறையின் காவலில் இருப்பதால், உரியவரிடம் இசைவு பெற்றே அங்குச் செல்லுதல் முறை.

நார்வே நாட்டாரும் அருவிகளை இவ்வாறே பயன்கொண்டனர். 1911-ஆம் ஆண்டில் அந்நாட்டின் வேமோர்க் என்னுமிடத்தில் பெரியதொரு நீர்மின் நிலையம் எழுந்தது. இன்றும் அந்நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நீரினின்றே கிடைக்கின்றது. அருவியை அழகு என்று மட்டும் கருதியிருந்த மக்கள், அதனை விளக்காகவும் ஆலையாகவும் மாற்றக் கற்றனர்.

பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு இறங்கியபோது, கோயம்புத்தூர் வட்டாரத்தின் வாழ்வே மாறியது. நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றின. ஆழமான கிணறுகளில் எருது பூட்டிக் கவலை இறைத்துக் களைத்த உழவர், மின்னிறைவையின் பயனைக் கண்டனர். சிங்காராவில் தன் பணியை முடித்த நீரும் ஓய்வு கொள்ளவில்லை. 1952-இல் அமைந்த மோயாறு மின்நிலையத்தில் அது மீண்டும் ஒருமுறை சக்கரம் சுழற்றுகின்றது. பின்னர் மோயாற்றின் வழியே பவானிசாகர் அணையை அடைந்து, ஈரோட்டுப் பகுதியின் வயல்களை நனைத்து, பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கின்றது. மலைமேல் நிற்கும் பயணி உடுத்திய பருத்தியாடையின் நூல், கீழே உண்ட சோற்றின் நெல் ஆகியவற்றில் அம்மலையின் நீருக்கும் பங்கு இருத்தல் கூடும். அவன் அம்மலைக்கு அயலான் அல்லன், கடன்பட்டவன்.

நீரை அடுத்துக் காண வேண்டுவது தேயிலை. மலைச்சரிவு முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தோன்றும் தோட்டத்தைக் கண்டு களிக்காதார் இல்லை. ஆனால் தேயிலைச்செடி தானாக அவ்வாறு நிற்பதன்று. வெட்டாமல் விட்டால் மரமாக வளரும் இயல்பினது. காலந்தோறும் கவாத்து செய்து, இடுப்பளவிற்கு மேல் வளரவிடாமல் காத்து வருவதாலேயே அது கம்பளமாகின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்தினைப் பெண்கள் பறித்து முதுகுக்கூடையில் இடுகின்றனர். ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து, வாட்டப்பட்டு, அரைபட்டு, காற்றில் பதமாகி, உலர்ந்த பின்னரே ஒரு கிலோ தேயிலைத்தூள் ஆகும். மழையும் குளிரும் அட்டைக்கடியும் பாராமல் நாள் முழுவதும் சரிவில் நிற்பவர் அவர்கள். “இந்தக் குளிரில் எப்படியம்மா நிற்கிறீர்கள்?” என்று ஒரு மாணவன் வினவினால், “கை ஓடிக்கொண்டே இருந்தால் குளிர் தெரியாது, கண்ணு” என்று புன்னகையோடு விடை வரும். அவ்விடையில் முறையீடு இராது. ஆயினும் கேட்டவன் நெஞ்சில் அது தைக்கும்.

நீலகிரித் தோட்டங்களில் உழைப்போருள் பலர்க்குக் கடல் கடந்த வரலாறும் உண்டு. அவர்தம் முன்னோர் வெள்ளையர் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்று, அம்மலைகளைச் சோலையாக்கியவர்கள். 1964-இல் இந்திய, இலங்கைத் தலைமையமைச்சர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். அவர்களுள் பலர் நீலகிரியில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலை தரும் பொருட்டு அரசே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. காலையில் ஒரு குவளைத் தேநீர் அருந்துவோர் எத்தனை பேர் இவ்வரலாற்றை எண்ணுகின்றனர்?

தேயிலை வருவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலை மக்களின் இல்லமாய் இருந்தது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோர் தத்தம் தொழிலால் ஒருவர்க்கொருவர் துணையாகி இங்கு வாழ்ந்தனர். கிளென்மார்கன் பகுதியின் புல்வெளிகள் தோடரின் எருமைகள் மேய்ந்த நிலம். அரைவட்டமாய் வளைந்த கூரையும், குனிந்து புகத்தக்க சிறுவாயிலும் உடைய அவர்தம் குடில்கள் கடுங்காற்றையும் குளிரையும் தாங்கவல்லன. வெண்ணிறத் துணியில் சிவப்பும் கருப்புமாகிய நூல்களால் தோடப் பெண்கள் பூவேலை செய்கின்றனர். துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி கோப்பர். அக்கலைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

தோடர் பேசும் மொழி திராவிட மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது, தமிழின் உடன்பிறப்பு. அம்மக்களைக் காணப் பலர் வந்தனர். வேடிக்கை பார்த்து மீண்டோர் பெயர் மறைந்தது. பழகிக் கற்றோர் பெயர் நின்றது. ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் அவர்களிடையே தங்கி ஆய்ந்து 1906-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1935-இல் இந்தியா வந்த எமனோ என்னும் மொழியறிஞர், தோடர் மொழியைச் செவியால் கேட்டுக் கேட்டுப் பயின்றார். பிறப்பு, மணம், இறப்பு, எருமை, புல்வெளி என வாழ்வில் நிகழும் எதனையும் பாட்டாக்கிப் பாடும் வழக்கம் அவர்களிடம் இருப்பதைக் கண்டார். அப்பாட்டுகளைத் தொகுத்து 1971-இல் நூலாக்கினார். ஓரிடத்தைக் காண்பதற்கும் அதனைக் கற்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இனி ஆழ்ந்து எண்ணற்பாலது ஒன்று உண்டு. மின்சாரம் தந்த நீர்த்தேக்கங்கள் மேய்ச்சல் நிலங்கள் சிலவற்றை மூழ்கடித்தன. தேயிலையும், அயல்நாட்டினின்று கொணர்ந்து நட்ட சீகை மரமும் தைல மரமும் மேலும் பல புல்வெளிகளைக் கவர்ந்துகொண்டன. புல்வெளி வெற்றுநிலம் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. அது பெருந்தவறு. மலைப்புல்லும் சோலையும் மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, வேனிற்காலத்திலும் துளித்துளியாய்ச் சுரக்கின்றன. அவை குன்றினால் பைக்காரா குன்றும். பைக்காரா குன்றினால் சிங்காராவின் சக்கரமும் பவானிக்கரை வயலும் வாடும். எருமை மேயும் புல்லும் நகரத்து விளக்கும் ஓரிழையில் கோத்தவை என்பதை மறத்தலாகாது.

நார்வேயிலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. கலைமான் மந்தைகளை மேய்த்து வாழும் சாமி என்னும் பழங்குடியினர் அந்நாட்டின் வடபகுதியில் உள்ளனர். அங்கே அல்தா ஆற்றில் மின்சாரத்திற்கென அணை கட்ட முற்பட்டபோது, 1979 முதல் அவர்கள் பெருங்கிளர்ச்சி செய்தனர். அணை எழுந்தது, ஆயினும் அவர்தம் குரல் வீண் போகவில்லை. 1989-இல் சாமி மக்களுக்கெனத் தனிப்பேரவை ஒன்று தோன்றியது. நம் நாட்டிலும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களுக்கு அவர்தம் நிலத்தின்மீதுள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. பயன் பலர்க்கு, இழப்பு சிலர்க்கு என்னும் நிலை நேரும்போது, அச்சிலருடைய சொல்லையும் கேட்டு நடப்பதே அறம்.

காண வருவோராலும் மலைக்குக் கேடு விளைதல் உண்டு. கோடைக்காலத்தில் நீலகிரிக்கு வரும் ஊர்திகளின் நெருக்கம் தாங்கொணாததாயிற்று. ஆதலின் உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், உதகைக்குச் செல்லும் வெளியூர் ஊர்திகள் முன்பதிவு செய்து நுழைவுச்சீட்டுப் பெறும் முறை வந்தது. நார்வேயின் நாடாளுமன்றமும் 2018-இல், பாரம்பரியப் பியோர்டுகளுக்குள் புகைகக்கும் பயணக் கப்பல்கள் வருவதைத் தடுக்கத் தீர்மானித்தது. அழகு தன்னைக் காண வந்தவராலேயே அழியுமாயின், அதனினும் இரங்கத்தக்கது வேறு என்ன? புல்வெளியில் எறியப்படும் ஒரு நெகிழிப்பை எருமையின் வயிற்றிலோ, ஓடையின் வாயிலோ சென்று சேரும். அதனை எறிந்தவன் அதற்குள் ஊர் திரும்பியிருப்பான். விளைவைத் துய்ப்பவர் மலைமக்களும், கீழே அந்நீரை நம்பி வாழ்வோருமே.

மலைபடுகடாம் காட்டும் கூத்தர், வழியில் எதிர்ப்பட்ட மக்களின் இல்லங்களில் விருந்தினராய்ச் சென்றனர். விருந்தினன் வீட்டின் பொருளை எடுத்துச் செல்லான்; வீட்டைத் தூய்மை கெடச் செய்யான்; உண்ட சோற்றை மறவான். இம்மூன்றும் இன்றைய பயணிக்கும் உரிய நெறிகளே. மலைக்குச் செல்லும் மாணவர், தாம் கண்ட காட்சியைப் படம்பிடித்து வருதல் எளிது. அக்காட்சிக்குப் பின்னே ஓடும் நீர் எங்கே பிறந்து எங்கே செல்கின்றது, அதனைக் காத்தவர் யார், அதனால் வாழ்பவர் யார், அதன் பொருட்டு இழந்தவர் யார் என்று கேட்டறிந்து வருதலே கல்வி. ஆற்றைத் தொடர்ந்து சென்று அறிபவனுக்கே வழி புலப்படும்.